நீக்கிய கோப்பும் நிருவாகியின் விருப்பமும்

நன்னூல் பயின்ற மாணவர் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களையும் நன்கறிவர். புதிதாய் வருதலும் வேறாய் மாறுதலும் போல, இல்லாது போதலும் ஒரு மாற்றமே என்பது இலக்கண நூலார் துணிபு. கணினிக்கு மென்பொருட் பொதிகளை ஆக்குவோருட் சிலர் இம் மூன்றாவதை மறந்துவிடுகின்றனர்.

பொதியொன்றை நிறுவும்பொழுது நிரலோடு அமைவுக் கோப்புகளும் உடன்வரும். நிரல் எவ்வாறு, எப்பொழுது இயங்கவேண்டும் என்பது அவற்றில் எழுதப்பட்டிருக்கும். நாள்தோறும் நள்ளிரவில் ஒரு வேலையைச் செய்விக்கும் கோப்பு ஒன்று அவ்வாறு வந்ததெனக் கொள்வோம். அவ்வேலை வேண்டாமென்று கருதிய நிருவாகி கோப்பை அழித்துவிடுகிறார். பின்னர்ப் புதிய பதிப்பு வருகிறது. கோப்பைக் காணாத பொதி அதனைத் திரும்பவும் இட்டுவிடுகிறது. நிறுத்திய வேலை அவரறியாமலே மீண்டும் நடக்கத் தொடங்குகிறது!

1993 இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் இயங்குதளம் இதற்கு நல்வழி கண்டுள்ளது. அதன் ‘டிபிகேஜி’ என்னும் பொதிமுகாமை நிரல், தான் இட்ட அமைவுக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறியைக் கணித்து வைத்துக்கொள்கிறது. புதுப்பிக்குங்கால், கோப்பு முன்னிருந்தவாறே இருப்பின் வினவாது புதியதை இடும். கோப்பே இல்லையாயின், அதனை நிருவாகியின் முடிவெனக் கொண்டு வாளா இருக்கும். பொதியாளர் அக்கோப்பைத் திருத்தி அனுப்பியிருந்தால் மட்டும் ‘இடலாமா?’ என வினவும். அப்பொழுதும் உள்ளபடியே விடுதலே இயல்பான விடை. தவறுதலாய்க் கோப்பை அழித்தவர், பொதியை மீள நிறுவியும் அது வாராமை கண்டு திகைப்பதுண்டு. அவர்க்கெனத் தனிக் கட்டளை இருக்கின்றது. விலக்கியது தானே திரும்பிவரும் தொல்லையினும் இது சிறிதென்பது என் கருத்து.

சிக்கல் மிகுவது, நிறுவுங்காலத்து ஓடும் சிறுநிரலே கோப்பை ஆக்கும் இடத்தில். ‘இல்லையேல் ஆக்குக’ என்று மட்டும் எழுதிவிட்டால், முதன்முறை நிறுவுதலும் அழித்தபின் புதுப்பித்தலும் அதற்கு ஒன்றாகவே தோன்றும். டெபியனில் முன்பு அமைக்கப்பட்டிருந்த பதிப்பின் எண் அச்சிறுநிரலுக்கு அறிவிக்கப்படுகின்றது. எண் இல்லையெனின் முதல் நிறுவல், கோப்பை ஆக்கலாம். எண் இருப்பின் ஆக்காது விடல்வேண்டும். அங்ஙனம் விட்டவிடத்து, நிரல் தன் இயல்பான அமைவோடு இயங்கவேண்டும். இயலாதாயின் காரணத்தை வெளிப்படக் கூறி நிற்கவேண்டும்.