தெளிந்தது எதனால்?

சித்தம் கலங்கியவரைக் குற்றாலத்தில் குளிப்பாட்டினால் தெளிந்துவிடும் என்பது நம் பக்கத்துப் பழைய நம்பிக்கை. ஐந்தருவியில் தலையைக் காட்டிவிட்டுத் தெளிந்து திரும்பியவர்களைப் பற்றிச் சொல்வதையெல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. மனச்சிதைவு ஏறியும் இறங்கியும் போகும் நோய். முற்றிய நேரத்தில்தான் குடும்பம் கிளம்புகிறது. அதன் பிறகு நோய் தானாகவே கொஞ்சம் தணியக்கூடும். கூடவே இடமாற்றம், வேளைக்குச் சோறு, பக்கத்தை விட்டு அகலாத ஓர் ஆள். பலன் எதனுடையது?

மருத்துவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1930களில் மான்ஃபிரெட் சாக்கெல் என்ற மருத்துவர் மனச்சிதைவுக்கு இன்சுலின் சிகிச்சையைக் கொண்டுவந்தார். ஊசி போட்டு நோயாளியை ஆழ்மயக்கத்தில் தள்ளி, சர்க்கரை கொடுத்து எழுப்புவார்கள். சிலர் எழவே இல்லை. ஆனாலும் பலர் தேறுகிறார்கள் என்று அது உலகெங்கும் பரவியது. 1957இல் பிரிட்டனில் அக்னர் குழுவினர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு இன்சுலின் மயக்கமும் மறு பாதிக்குத் தூக்க மருந்து மயக்கமும் கொடுத்தார்கள். கவனிப்பு இருவருக்கும் ஒன்றே. முடிவில் வித்தியாசமே இல்லை! தேற்றியது இன்சுலின் அல்ல.

1952இல் பாரிஸில் புழக்கத்துக்கு வந்த குளோர்ப்ரோமசின் என்ற மருந்து இப்படிப்பட்ட ஒப்பீட்டைத் தாங்கியது. மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடத் தெளிவாக மேலாக நின்றது. வேறு மருந்துகளுக்கு மசியாதவர்களில் 30 சதவீதத்தினருக்குக் குளோசபைன் பலன் தந்ததை 1988 ஆய்வு காட்டியது. குளோர்ப்ரோமசின் எடுத்தவர்களில் அது 4 சதவீதம்தான். தொல்லைகளும் உண்டு. பழைய மருந்துகளில் நடுக்கம், விறைப்பு. புதியவை பலவற்றில் எடையும் சர்க்கரையும் ஏறும். குளோசபைனுக்கு ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது.

வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் குணம் தேடித் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வந்தது. அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால் காரணத்தை அறுதியிட முடியாது. ஆதரவான சூழல் உதவியிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எல்லா இடமும் அப்படியல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6இல், ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

அருவிக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தியதன் விளைவு பெரும்பாலும் அன்றே தெரியாது. வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்துத்தான் நோய் திரும்பும். அதுவரை தெளிவாக இருப்பது தண்ணீரால்தான் என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416.