ஆரத்தித் தட்டில் ரஸாயனம்

கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்க்காதவர் நம்மில் யார்? பாட்டி தட்டில் ஜலம் விட்டு, மஞ்சள் பொடியைக் கரைத்து, சிறிது சுண்ணாம்பைச் சேர்க்கிறாள். அடுத்த க்ஷணமே மஞ்சள் நீர் செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறது. ஒரு ரஸாயன பரீட்சையைத்தான் பாட்டி செய்து காட்டிவிட்டாள்!

எலுமிச்சம் பழம், புளி, காடி ஆகியவற்றின் புளிப்புக்குக் காரணம் அமிலம். சுண்ணாம்பும் சலவை சோடாவும் சவர்க்காரமும் காரத் தன்மை உள்ளவை. (காரம் என்றதும் மிளகாயை நினைக்க வேண்டாம்!) சுத்த ஜலமும் உப்பு நீரும் இவ்விரண்டிலும் சேராத நடுநிலைப் பொருள்கள்.

மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சாயப்பொருள், காரத்தைச் சந்தித்ததும் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. உடனே அது உட்கொள்ளும் ஒளி மாறுகிறது. நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றுகிறது. ஆரத்தி நீரில் எலுமிச்சம் சாற்றைப் போதிய அளவு பிழிந்தால் பழைய மஞ்சளே திரும்பும். குழம்புக் கறை படிந்த வேஷ்டி சோப்புப் பட்டதும் சிவப்பதன் ரகசியமும் இதுதான். வெளுப்பவரைக் கோபித்துப் பயனில்லை!

ஆனால் மஞ்சள் அரைச் சாட்சிதான். அமிலத்திலும் ஜலத்திலும் அது ஒன்றுபோல் மஞ்சளாகவே இருக்கும். இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1664-ல் நிறங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் முழுச் சாட்சி ஒன்றைக் காட்டினார். வயலெட் புஷ்பத்தின் நீலப் பாகு அமிலத்தில் சிவந்தது; காரத்தில் பச்சையாயிற்று. நம் கொல்லைச் செம்பருத்தியின் சாறும் ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்ளும். கல்லிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து எடுக்கும் லிட்மஸ் சாயத்தைக் காகிதத்தில் ஏற்றியும் வைத்திருக்கிறார்கள். நீலக் காகிதம் சிவந்தால் அமிலம்; சிவப்புக் காகிதம் நீலமானால் காரம்; இரண்டுமே மாறாவிட்டால் நடுநிலை. எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று அளக்க, கோபன்ஹேகன் நகரில் ஸோரென்ஸன் 1909-ல் ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று 0 முதல் 14 வரை எண்ணப்படும் அந்த அளவில் 7 என்பதே நடுநிலை.

இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். குளியலறை கழுவும் அமிலம் பார்வைக்குப் பெரும்பாலும் ஜலம் போலவே இருக்கும். பெயரெழுதாத புட்டியைக் கண்டால் நாக்கில் வைத்துப் பார்ப்பது பேராபத்து. லிட்மஸ் மாறவில்லை என்பதற்காகக் குடித்துவிடவும் கூடாது. மண்ணெண்ணெயிலும் அது மாறாது! புளிப்பா, காரமா என்று கேட்டால் நிறம் பதில் சொல்லும். விஷமா என்று கேட்டால் அது வாய் திறக்காது. ஆகையால், புட்டியில் திரவத்தை ஊற்றும்போதே அதன் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.