பென் டிரைவைப் பிடுங்கும் முன்

லினக்ஸ் கணினியில் ஒரு படத்தைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது, 'முடிந்தது' என்று திரை சொன்ன பிறகும் அதில் பெரும்பகுதி ரேமிலேயே கிடக்கலாம். டிரைவ் மெதுவானது, ரேம் வேகமானது. அதனால் எழுத வேண்டியதை இயங்குதளம் முதலில் 'கேச்' என்னும் நினைவகப் பகுதியில் வாங்கிக்கொள்கிறது. டிரைவுக்கு அனுப்புவது பின்னணியில் நடக்கும். வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை கேச்சைப் பார்வையிட்டு, 30 விநாடிக்கு மேல் காத்திருப்பவற்றை எழுத அனுப்புகிறது. நினைவகத்தின் நிலையைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில், இன்னும் எழுதப்படாத தரவின் அளவைச் சொல்லும் 'டர்ட்டி' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், நகலெடுக்கும்போது அந்த எண் ஏறுவதும் பிறகு மெல்ல இறங்குவதும் தெரியும்.

இப்படித் தேங்கிய கணக்கைத் தீர்த்து, டிரைவை இயங்குதளத்திலிருந்து முறையாக விடுவிப்பதுதான் 'அன்மவுன்ட்'. டிரைவில் உள்ள கோப்பு எதையாவது ஏதேனும் ஒரு நிரல் திறந்து வைத்திருந்தால், 'பிஸி' என்று சொல்லி இயங்குதளம் மறுத்துவிடும். எரிச்சலூட்டினாலும் நியாயமான மறுப்பு. யாரும் பயன்படுத்தவில்லை என்றால், தேங்கி நிற்கும் தரவு முழுவதையும் எழுதுகிறது. கோப்பின் உள்ளடக்கம் மட்டுமல்ல, அது டிரைவில் எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளும் போயாக வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே சிறு கேச் இருப்பதுண்டு. அதையும் காலி செய்யத் தனிக் கட்டளை போகும். கடைசியாக, ஒழுங்காக மூடப்பட்டது என்ற அடையாளம் கோப்பு முறைமையில் பதிகிறது. அடுத்த முறை இணைக்கும்போது அந்த அடையாளம் இல்லாவிட்டால், சோதனை செய்யச் சொல்லி எச்சரிக்கை வரும்.

எழுதினால் மட்டும் போதாது, கேச்சில் உள்ள பழைய பிரதியைத் தூக்கியும் எறிய வேண்டும். பலர் நினைத்துப் பார்க்காத பகுதி இது. டிரைவ் வேறொரு கணினிக்குப் போய், அங்கே சில கோப்புகள் அழிக்கப்பட்டு, புதியவை சேர்க்கப்பட்டுத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கணினி தன்னிடமிருந்த பழைய பட்டியலையே நம்பி எழுதினால், புதிய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும். பிடுங்குவதால் வரும் சேதம் பல நேரங்களில் எழுதிக்கொண்டிருந்த கோப்போடு நின்றுவிடும். இந்தக் குழப்பமோ டிரைவ் முழுவதையும் பாழாக்கக்கூடும்.

'பிஸி' என்ற மறுப்பைத் தாண்ட 'லேசி அன்மவுன்ட்' என்று ஒரு வழி உண்டு. அதில் டிரைவின் பெயர் உடனே மறையும். ஆனால் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை மூடும்வரை உண்மையான அன்மவுன்ட் நடக்காது. அதை நம்பி டிரைவை உருவுவது ஆபத்து. இ.எக்ஸ்.டி.4 போன்ற முறைமைகளில் உள்ள ஜர்னல், முறைமையின் கட்டமைப்பைக் காக்கும். ரேமைவிட்டு வெளியேறாத தரவை அதனாலும் மீட்க முடியாது.

விண்டோஸ் 10, 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து, கழற்றக்கூடிய டிரைவுகளுக்கு எழுதுவதற்கான கேச்சை வழக்கமான அமைப்பில் நிறுத்திவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அங்கும் கோப்பு கெடும். எந்தக் கணினியானாலும், 'இப்போது கழற்றலாம்' என்ற செய்தி வரும்வரை டிரைவில் கை வைக்காதீர்கள்.