உயிரணு உணரும் விசை

விசை என்னும் சொல்லை இயற்பியல் வகுப்பில் கற்கும் மாணவர், அதனை உயிரியல் வகுப்பில் எதிர்பார்ப்பதில்லை. மரபணுக்களை வேதிப்பொருள்களே தூண்டுகின்றன என்று நெடுங்காலம் கற்பித்து வந்தோம். அழுத்தமும் இழுப்பும்கூட அப்பணியைச் செய்யவல்லவை என்பது பின்னரே தெளிவாயிற்று. இத்துறைக்கெனச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஓர் ஆய்வுக்கழகமே தொடங்கப்பெற்றது.

தோலின் மேற்புறத்தையும் குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்புறத்தையும் போர்த்தியிருப்பது எபிதீலியம் என்னும் மேற்படலத் திசு. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரற்படலம் விரிந்து சுருங்குகிறது. உணவு நகர்கையில் குடற்படலம் இழுபடுகிறது. இவ்வுயிரணுக்கள் கேடெரின் என்னும் புரதத்தால் ஒன்றையொன்றும், இன்டெக்ரின் என்னும் புரதத்தால் கீழுள்ள தளத்தையும் பற்றி நிற்கின்றன. இவ்விரு பிடிகளும் உள்ளே ஆக்டின் இழைகளோடு பிணைந்துள்ளமையால், வெளியே நிகழும் இழுப்பு உட்கரு வரை எட்டுகிறது.

2003இல் எம்மானுவேல் ஃபார்ஜ் பழ ஈயின் கருவை மெல்ல அழுத்திப் பார்த்தார். வயிற்றுப்புறத்தில் வெளிப்பட வேண்டிய ‘ட்விஸ்ட்’ என்னும் மரபணு, முதுகுப்புறத்திலும் வெளிப்பட்டது. அவர் மருந்து எதையும் செலுத்தவில்லை, அழுத்தினார், அவ்வளவே.

அழுத்தம் மரபணுவை எட்டும் வழிகளுள் ஒன்றை 2011இல் இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழுவினர் காட்டினர். விறைப்பான தளத்தில் படர்ந்த உயிரணுவில், ‘யேப்’ என்னும் புரதம் உட்கருவினுள் புகுந்து பெருக்கத்துக்குரிய மரபணுக்களை வெளிப்படச் செய்கிறது. மென்மையான தளத்திலோ அது உட்கருவுக்கு வெளியே தங்கிவிடுகிறது. தளம் விறைப்பாகவே இருந்தாலும், உயிரணு படர இடமின்றி ஒடுங்கியிருப்பின் யேப் வெளியிலேயே நிற்கிறது. தமிழில் விசை என்பது தள்ளும் ஆற்றலையும் விசைப்பலகையின் பொத்தானையும் ஒருங்கே குறிப்பது இங்கே பொருத்தமாக அமைந்துவிட்டது!

மார்பகக் கட்டி கைக்குக் கடினமாகத் தட்டுப்படுவதை நோயின் அடையாளமாக மருத்துவர் கொள்வர். 2005இல் வலெரி வீவரின் குழுவினர் மார்பக எபிதீலிய உயிரணுக்களைக் கூழ்மங்களில் வளர்த்தனர். மென்மையான கூழ்மத்தில் அவை உள்ளீடற்ற சிறு கோளங்களாக ஒழுங்குற அமைந்தன. கூழ்மம் விறைக்க விறைக்க அவ்வொழுங்கு குலைந்தது, பெருக்கம் மிகுந்தது. ஆகவே இறுக்கம் நோயின் விளைவு மட்டுமன்று. நோயை வளர்க்கும் காரணங்களுள் ஒன்றாகவும் அமையக்கூடும். புற்றுத்தன்மை அடைந்திருந்த உயிரணுக்களில் உள்ளெழும் இழுவிசையைத் தணித்தபோது, அவை மீண்டும் இயல்பான அமைப்புக்குத் திரும்பின.