எம் வானில் தோன்றாத சோதி

2024 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம், 11 ஆம் நாட்களில், ஞாயிற்றிலிருந்து எழுந்த பெரும் புயலொன்று பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கியது. அன்றிரவு லடாக்கிலுள்ள ஹன்லே வானாய்வு நிலையத்தின் கமராக்கள் வடதிசை அடிவானில் மங்கிய செவ்வொளி ஒன்றைப் பதிவு செய்தன. அப்படங்களைக் கண்டோர் மனத்தில், "யாழ்ப்பாணத்தில் இச்சோதி தோன்றுமா?" என்னும் வினா எழுதல் இயல்பே. இதற்கு விடை காணுமுன், அச்சோதி எவ்வாறு பிறக்கின்றது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

ஞாயிற்றிலிருந்து இலத்திரன்களும் புரோத்தன்களும் இடையறாது வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடுகின்றது. புயற்காலத்தில், அப்புலத்துள் அகப்பட்ட இலத்திரன்கள் விசை பெற்று, காந்தக் கோடுகளைப் பற்றி முனைப்பகுதிகளை நோக்கி இறங்கி, ஒட்சிசன் அணுக்களை மோதுகின்றன. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்திற் பச்சையொளியும், 200 கிலோமீற்றருக்கு மேலே செவ்வொளியும் பிறத்தல் இதனாலேயாம். செவ்வொளியை உமிழ அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். தாழ்ந்த, அடர்ந்த காற்றில் அதற்குள் வேறோர் அணு மோதி அச்சத்தியைக் கவர்ந்துவிடும். ஆதலின் சிவப்பு உயரத்திற்கே உரியது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குச் சோதியின் உச்சிப்பகுதி மட்டுமே அடிவானுக்கு மேல் எழுவதால், அவர்கள் காண்பதும் அச்சிவப்பையே.

இன்னொரு வகையும் உண்டு. 1956 இல் பிரான்சிய அறிஞர் பாபியே கண்டறிந்த செவ்வில் அது. பூமியைச் சுற்றியோடும் வளைய மின்னோட்டத்தின் வெப்பம் கீழிறங்கி, அங்குள்ள இலத்திரன்களைச் சூடாக்க, அவை ஒட்சிசனைத் தூண்டுகின்றன. பெரும்பாலும் இவ்வில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. கருவியே அதற்குக் கண். ஹன்லேயிற் பதிவானதும் இவ்வகையினதே என அன்று அறிவிக்கப்பட்டது.

இனி எமது குடாநாட்டை நோக்குவோம். முனைப்பகுதிகளிற் காந்தக் கோடுகள் நிலத்தை நோக்கிச் செங்குத்தாய் இறங்குகின்றன. காந்த நடுக்கோடோ எமக்கு அணித்தாய்ச் செல்வதால், இங்கே அவை பாய் விரித்தாற்போற் கிடையாய்க் கிடக்கின்றன. துகள்கள் குறுக்கே கடந்து எம்மிடம் இறங்க வழியில்லை. எனவே அச்சோதியை நாம் இங்கிருந்து காண்போம் என எதிர்பார்த்தற்கில்லை.

ஆயினும் புயல் எம்மைத் தீண்டாது விடுவதில்லை. 1859 செப்டெம்பரில் எழுந்த மாபெரும் புயலின்போது, பம்பாய்க் கொலாபா நிலையத்துக் காந்தமானி ஏறத்தாழ 1600 நனோதெசுலா வீழ்ச்சியைக் காட்டியது. கண் காணாததைக் காந்த ஊசி கண்டது.

மேலும், எமக்கென அமைந்த மெல்லொளி ஒன்றுண்டு. பகலிற் சூரிய ஒளியால் மூலக்கூறுகளிலிருந்து பிரிந்தவை இரவில் மீண்டும் சேரும்போது, வானமெங்கும் இரவொளி படர்கின்றது. அதன் செந்நிறப் பகுதியை உணர்கருவி கொண்டு படமெடுப்பின், சில இரவுகளிற் கரிய கோடுகள் தோன்றும். ஞாயிறு மறைந்தபின் காந்த நடுக்கோட்டின்மேல் எழும் அயன் குமிழிகளின் சுவடுகளே அவை. அவற்றினூடே வரும் செய்மதிச் சைகைகள் தடுமாறும். கடலில் வழி அறியச் செய்மதியை நம்பும் மீனவர்க்கும் இச்செய்தி தொடர்புடையதே. எம் தலைக்கு மேல் ஏறத்தாழ 105 கிலோமீற்றர் உயரத்திற் பகற்பொழுதில் ஓடும் மின்னோட்டமும் இவ்வலயத்துக்கே உரியது.

காந்த நடுக்கோட்டின் இச்சிறப்பை நாடியே கேரளத்துத் தும்பாவில் உந்துகணைத் தளம் அமைந்தது. 1963 நவம்பர் 21 இல் அங்கிருந்து எழுந்த முதற் கணை, சோடியம் ஆவியைத் தூவி அந்திவானை ஒளிரச் செய்தது. ஒளியில்லை என அவர்கள் வாளாவிருந்தாரல்லர். எம் மாணவரும் வடதிசைச் சோதிக்கு ஏங்குவதினும், தம் தலைக்கு மேலுள்ளதை அளந்தறிய முற்படுவாராக.