வீட்டுக் கணக்கை அளந்த உளவியலாளர்

வியாபாரத்தில் நட்டம் வந்தால் அது எந்த இடத்தில் வந்தது என்று ஐந்தொகையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். குடும்பத்துக்குள் நட்டம் வந்தால் எந்தப் பேரேட்டைப் புரட்டுவது?

நானும் என் நானாவும் புறக்கோட்டையில் பத்தொன்பது வருடம் ஒரே புடைவைக்கடையை நடத்தினோம். நாங்கள் பிரிந்த வருடத்தில் விற்பனைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. காசுக்காகப் பிரிந்தார்கள் என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உளவியல் படிக்கும் என் மகள், அமெரிக்க உளவியலாளர் ஒருவரின் தொழில் வாழ்க்கையைப் பற்றி விபரித்தபோதுதான் உண்மையான காரணம் பிடிபட்டது.

அவர் பெயர் ஜோன் கொட்மன். 1942இல் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். முதலில் படித்தது கணிதம். 1964இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பிறகு உளவியல் பக்கம் திரும்பி, 1971இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார்.

குடும்ப ஆலோசனை என்றால் இருவரையும் இருத்திப் புத்தி சொல்வது என்றே நாம் நினைக்கிறோம். கொட்மன் புத்தி சொல்வதற்கு முன் அளந்து பார்த்தார். ரொபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளருடன் சேர்ந்து 1970களில் இந்த வேலையைத் தொடங்கினார். கணவன் மனைவியை எதிரெதிரே இருத்தி, பிணக்குள்ள ஒரு விடயத்தைப் பேசச் சொல்வார்கள். முகபாவம் ஒளிநாடாவில் பதியும். இதயத் துடிப்பையும் வியர்வையையும் கருவிகள் குறிக்கும். பிறகு அதே தம்பதியரை வருடக் கணக்கில் பின்தொடர்வார்கள். 1986இல் கொட்மன் வொஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஆய்வுகூடமே ஒரு சிறிய வீடு போல அமைந்தது.

அந்தக் கணக்கில் தெரிந்தவை வியாபாரிக்கு நன்கு விளங்கும். நிலைத்த குடும்பங்களில், சண்டையின்போதுகூட ஒரு கசப்பான வார்த்தைக்கு ஐந்து நல்ல வார்த்தையோ செயலோ இருந்தது. ஒரு பற்றுக்கு ஐந்து வரவு! புதுமணத் தம்பதியரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஆரம்பத்தில் துணையின் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு 100க்கு 86 தடவை முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 தடவைதான்.

உறவைக் கெடுப்பவை நான்கு என்றார். ஆளையே குறை கூறுவது, இளக்காரம் செய்வது, எதற்கும் பழியை மற்றவர் மேல் திருப்புவது, பேசாமல் சுவராக இருப்பது. இதில் இளக்காரமே மிகக் கொடியது என்பது அவரது முடிவு.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கொட்மன் ஆராய்ந்தது தம்பதியரைத்தான். நானா தம்பியை அல்ல. ஆனாலும் எங்கள் கடையில் நடந்தது இதுவேதான். நானா கொள்வனவில் பிழை விட்டால், வேலையாட்கள் முன்னால் நான் சிரிப்பேன். அவர் பதில் சொல்ல மாட்டார். கடைசி இரண்டு வருடமும் கணக்குப்பிள்ளை மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். பணத் தகராறு அதற்குப் பிறகு வந்தது.

கொட்மன் 1996இல் மனைவி ஜூலியுடன் சேர்ந்து சியாட்டிலில் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஜூலியும் ஓர் உளவியலாளரே. ஆய்வுகூடத்தில் கண்டதை ஆலோசகர்களுக்குப் பயிற்றுவிக்கும் தொழிலாக இருவரும் அதை வளர்த்தார்கள். 1999இல் அவர் எழுதிய திருமண நூல் பெருமளவில் விற்பனையானது. குறை சொன்னவர்களும் உண்டு. யார் பிரிவார்கள் என்பதை 90 வீதத்துக்கு மேல் முன்கூட்டியே சொல்ல முடியும் என்ற பேச்சு மிகைப்பட்டது, முடிவு தெரிந்த பின் சூத்திரம் அமைத்தால் அது பொருந்தத்தானே செய்யும் என்றார்கள். நியாயமான கேள்வி. கையிருப்பை எண்ணிய பிறகு கணக்கை எழுதினால் எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும். ஆனால் அவர் சொன்ன நான்கு கேடுகளும் என் அனுபவத்தில் பொய்க்கவில்லை.

குடும்பமாகக் கடை நடத்தும் வாசகர்கள் அவரிடமிருந்து இரண்டு விடயங்களையாவது எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பேச்சின் முதல் மூன்று நிமிடத்தைக் கவனியுங்கள். கடுமையாகத் தொடங்கிய பேச்சு பெரும்பாலும் கடுமையாகவே முடிகிறது என்பதை அவர் கண்டார். "நீ எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "இந்த பில்லில் எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்குங்கள். மற்றது, நெஞ்சு படபடக்கும்போது பேச்சை நிறுத்தி, குறைந்தது இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். அவரது ஆய்வில், கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி இடையில் நிறுத்தி, தம்பதியருக்குச் சஞ்சிகை வாசிக்கக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் துடிப்பு இறங்கியது. பேச்சும் இதமானது.

இப்போது என் இரண்டு மகன்மாரும் கடையில் நிற்கிறார்கள். போன மாதம் மூத்தவன் தம்பியைப் பார்த்து, வேலையாட்கள் முன்னால் சிரித்தான். அது என் சிரிப்பு. அன்றிரவே இருவரையும் இருத்தி, நானும் நானாவும் பிரிந்த கதையை முதன்முறையாக உள்ளபடி சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானாவின் வீட்டுக்குப் போனேன். கடைப் பேச்சை எடுக்கவில்லை. வேலையாட்கள் முன்னால் சிரித்தது என் பிழை என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மதினியைக் கூப்பிட்டு, "தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்துங்க" என்றார்.