உங்களுக்குத் தெரியுமா? விரல் நுனியில் பாடம்

பார்வை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் படிப்பைப் பற்றிச் சில துணுக்குகள்

● தமிழுக்கு எழுத்து 247. பிரெய்லுக்குப் புள்ளி ஆறே ஆறு. அந்த ஆறை எப்படி மாற்றி வைத்தாலும் 63 வடிவங்கள்தான் கிடைக்கும். ஆனால் அதற்குள் தமிழ் முழுக்க அடங்கிவிடுகிறது. 'அ'வுக்கு ஒரே ஒரு புள்ளி! 1951-ல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வந்த பாரதி பிரெய்ல் முறை இது. ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்று; தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் விரலுக்கு ஒரே எழுத்துதான்.

● 'கொ' எழுத நாம் முதலில் ஒற்றைக்கொம்பு போடுகிறோம், அப்புறம் 'க', கடைசியில் கால். பிரெய்லில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. 'க', அடுத்து 'ஒ', அவ்வளவுதான். காதில் விழும் வரிசையிலேயே எழுத்து வருகிறது. மெய்யெழுத்தில் மட்டும் தலைகீழ்: நாம் தலையில் வைக்கும் புள்ளியை அவர்கள் எழுத்துக்கு முன்னால், தனிக் கட்டத்தில் வைக்கிறார்கள்.

● பிரெய்ல் ஸ்லேட்டில் எழுதும் பிள்ளை வலமிருந்து இடமாக எழுதுகிறது. ஊசியால் குத்தினால் தாளின் பின்பக்கம்தானே புடைக்கும்? தாளைத் திருப்பிப் போட்டு, இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுதப் பழக வேண்டும்.

● கணக்குக்கு டெய்லர் பலகை. எண்கோணத் துளைகள் வரிசை வரிசையாக இருக்கும். அதில் செருகும் சின்ன அச்சின் ஒரு முனையில் ஒரு கோடு, மறுமுனையில் இரண்டு புள்ளி. எட்டுத் திசை, இரண்டு முனை: மொத்தம் 16 குறிகள். ஒன்று முதல் சைபர் வரை, கூட்டல், கழித்தல் எல்லாம் ஒரே மாதிரி அச்சுகளில் முடிந்துவிடும். பலகை தவறிக் கவிழ்ந்தால் மட்டும் போட்ட கணக்கு போச்சு!

● இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கியது. அடுத்தது எங்கே? நம் பாளையங்கோட்டையில், 1890-ல். தொடங்கியவர் ஆன் ஜேன் ஆஸ்க்வித் என்ற மிஷனரி ஆசிரியை.

● சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஜி.என். செட்டி சாலையில் இருக்கிறது லிட்டில் ஃபிளவர் கான்வென்ட். பார்வையற்றோர், காது கேளாதோர் என இரு தரப்பினருக்குமான பள்ளி இது. அடையாறு செயின்ட் லூயிஸும் அப்படித்தான். லிட்டில் ஃபிளவரில் படித்து, பிறகு கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸில் பட்டம் பெற்றவர் பெனோ ஜெஃபைன். 2015-ல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வானார். முழுப் பார்வையற்ற ஒருவருக்கு அந்தப் பணி கிடைத்தது அதுவே முதல்முறை.

● புத்தகத்தைப் பிரெய்லாகவோ ஒலிநூலாகவோ மாற்றக் காப்புரிமை தடையாக நின்ற காலம் உண்டு. ஒரு நாட்டில் மாற்றியதை இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதும் சிக்கல்தான். 2013-ல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் இந்தப் பூட்டைத் திறந்தது. அதற்கு உலகிலேயே முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா, 2014 ஜூனில்.

● கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் எட்டு மாடியையும் அண்ணாந்து பார்க்கிறோம். பிரெய்ல் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது, படியேற வேண்டியதில்லை.

● மெட்ரோ நிலையத் தரையில் மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளக்கோடு என்றால் 'நேரே போ', குமிழ் என்றால் 'நில், கவனி'. ஜப்பானியர் செய்ச்சி மியாகே கண்டுபிடித்தது. 1967-ல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த இடம், ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் இருந்த தெரு! இந்த ஓடுகளின்மேல் பைக்கை நிறுத்துவது, பள்ளிக்குப் போகும் வழியை அடைப்பதற்குச் சமம்.

● மத்திய அரசின் தேர்வு நெறிமுறைப்படி, சொல்லச் சொல்ல எழுத உதவியாளர் வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு அவர்களுக்கு நான்கு மணி நேரம். சலுகை என்று முணுமுணுப்பவர்கள், ஒரு ஜியோமெட்ரி கேள்விக்கு விடையை வாயால் சொல்லி இன்னொருவரை எழுத வைத்துப் பார்க்கலாம்.

● இலவசக் கல்வி உரிமை மற்றப் பிள்ளைகளுக்கு 6 முதல் 14 வயது வரை. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற குழந்தைக்கு, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 18 வரை. வீட்டுப் பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அந்தக் குழந்தைக்கே. "இங்கே முடியாது, சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள்" என்று யாராவது கைகாட்டினால், பெற்றோர் சொல்ல வேண்டியது: சட்டத்தின் 31-வது பிரிவு.